பழைய கணினி: மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. ரப்பர் தோட்டமொன்றின் மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் நிறைவுற்று, அனைவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். அவ்வேளையில் பால் மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர் தம் மகளுடன் என்னிடம் வந்தார். மகள் அவ்வாண்டு படிவம் நான்கில் பயின்றுகொண்டிருந்தாள்.

"ஐயா, எங்கள் வீட்டுக் கணினியில் ஆதரவு முடிந்துவிட்டதாக அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. பட்டணத்துக் கடைக்காரரிடம் கேட்டோம். 'இனி அது பயன்படாது, புதியது வாங்குங்கள்' என்கிறார். ரொக்கம் என்றால் 1,800 வெள்ளி. தவணை என்றால் மாதம் 180 வெள்ளி வீதம் ஓராண்டு கட்ட வேண்டும். பிள்ளையின் மேற்படிப்புக்கென்று சேர்த்த பணம்தான் கையில் உள்ளது. அதை எடுத்து வாங்கத்தான் வேண்டுமா?" என்று அவர் வினவினார்.

மகளோ, "அப்பா, கணினி நன்றாகத்தானே ஓடுகிறது? எதற்குப் புதியது?" என்றாள்.

இவ்வினா அந்த ஒரு குடும்பத்தின் வினா மட்டுமன்று. 2020-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, பிள்ளைகள் வீட்டிலிருந்து பயில்வதற்காகப் பலர் கணினி வாங்கினர். அவற்றுள் பழைய கணினிகளும் உண்டு. அத்தகையோர் பலரையும் இவ்வினா இன்று எதிர்கொள்கிறது. கடைக்காரர் கூறியது பாதி உண்மை. மகள் கூறியதும் பாதி உண்மையே. இவ்விரண்டு பாதிகளையும் ஒன்றுசேர்த்து முழு உண்மையை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இயங்குதளம் என்பது யாது?

விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் மண்டோர் என்ன செய்கிறார்? எவர் எந்த நிரைக்குச் செல்ல வேண்டும், எவருக்கு எந்த வேலை என்பதையெல்லாம் பிரித்துக் கொடுக்கிறார். அவர் இல்லையெனில், மரமும் கத்தியும் ஆளும் இருந்தும் வேலை ஒழுங்காக நடைபெறாது.

கணினிக்குள் அப்பணியைச் செய்வது இயங்குதளம் எனப்படும் அடிப்படை மென்பொருளாகும். கடிதம் எழுதும் மென்பொருளுக்கு எவ்வளவு நினைவகம் தருவது, அச்சுப்பொறியை எப்பொழுது இயக்குவது, இணையத்தின் வழி வருவனவற்றுள் எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்பவற்றை அது தீர்மானிக்கிறது. நம் வீடுகளிலுள்ள கணினிகளுள் பெரும்பாலானவற்றில் இருப்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்னும் இயங்குதளமாகும். அதன் பத்தாம் பதிப்பாகிய விண்டோஸ் 10, 2015-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் வெளிவந்தது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் வெளிவந்தது.

'ஆதரவு முடிந்தது' என்பதன் பொருள்

விண்டோஸ் 10-க்கு அளிக்கப்பட்டு வந்த பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. இதற்கு, கணினி அன்றிரவே நின்றுவிடும் என்பது பொருளன்று. மறுநாள் காலையிலும் அது முன்போலவே இயங்கியது. அதிலிருந்த கோப்புகளும் படங்களும் அப்படியே இருந்தன. ஆகவே, "ஓடுகிறதே" என்று அம்மாணவி கூறியது சரியே.

அப்படியானால் நின்றுபோனது எது? பழுதுபார்ப்பு நின்றுபோயிற்று.

கூரையில் எங்கே ஓட்டை இருக்கிறதென்று மழை பெய்யும்போதுதான் தெரிகிறது. இயங்குதளமும் அத்தகையதே. கோடிக்கணக்கான வரிகளைக் கொண்ட அம்மென்பொருளில் எங்கெங்கே ஓட்டைகள் உள்ளன என்பது அதனை எழுதியவர்களுக்கே முழுமையாகத் தெரியாது. ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போது அதனை அடைப்பதற்கான திருத்தத்தை நிறுவனம் அனுப்புகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு முதல் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று இத்திருத்தங்களை வெளியிட்டு வருகிறது. ஆதரவு முடிந்த இயங்குதளத்திற்கு இத்திருத்தங்கள் வருவதில்லை. அதாவது, வீடு இருக்கிறது, கூரையும் இருக்கிறது, ஆனால் ஓட்டையை அடைப்பதற்கு ஆள் வருவதில்லை.

மற்றொன்றையும் கருத்திற்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்கும் விண்டோஸ் 11-க்கும் பொதுவான பகுதிகள் பல உள்ளன. புதியதற்கு ஒரு திருத்தம் வெளிவரும்போது, ஓட்டை எங்கே இருந்தது என்பதைத் திருடரும் அறிந்துகொள்கின்றனர். அதே ஓட்டை பழையதிலும் அடைபடாமல் இருக்கிறதா என்று தேடுகின்றனர். ஆதலால் நாள் செல்லச் செல்ல ஆபத்து கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

வேரில் பற்றும் நோய்

வெள்ளை வேர் நோயைத் தோட்டத்தில் வாழ்வோர் நன்கு அறிவர். மேலே இலை பசுமையாக இருக்கும், பாலும் வடியும். மண்ணுக்கடியில் பூசணம் வேரைத் தின்றுகொண்டிருக்கும். இலை வாடுவது கண்ணுக்குத் தெரியும்போது வேர் பெரிதும் அழிந்திருக்கும். அந்நோய் ஒரு மரத்தோடு நிற்பதுமில்லை; வேரோடு வேர் தொடும் வழியே அடுத்த மரத்திற்கும் செல்லும்.

கணினி உலகிலும் இவ்வாறு ஒன்று நிகழ்ந்தது. 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவத் தொடங்கிற்று. அது நுழைந்த கணினியிலுள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, அவற்றைத் திறக்க 300 அமெரிக்க டாலர் பிட்காயினாகத் தர வேண்டுமென்று கேட்டது. எவரும் எதையும் அழுத்தாமலே, இணைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குத் தானே சென்றது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலுள்ள கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனில் பொது மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பியனுப்பவும் சிகிச்சைகளை ஒத்திவைக்கவும் நேர்ந்தது.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் இரண்டாகும். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம், தாக்குதலுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே, அதாவது 2017 மார்ச் 14-ஆம் நாளே வெளியிடப்பட்டிருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளுள் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கொண்டவை. அப்பதிப்பிற்கு அப்பொழுது ஆதரவு இருந்தது. வந்த திருத்தத்தை உரியவர் ஏற்றவில்லை. ஆகவே, புதிய இயங்குதளம் இருந்தாலும் திருத்தங்களை ஏற்றாதவனுக்குப் பாதுகாப்பில்லை என்பது முதற்பாடம்.

இரண்டாவது பாடம், 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாளிலேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பி பற்றியது. அதனை வைத்திருந்தோருக்கு அந்தத் திருத்தம் மார்ச்சு மாதத்தில் பொதுவாக வழங்கப்படவில்லை. தாக்குதல் தொடங்கிய பின்னரே, நெருக்கடி கருதி நிறுவனம் அதனை வெளியிட்டது. நெருக்கடி நேரத்துத் தயவை நம்பி ஒரு குடும்பத்தின் சேமிப்பை வைத்திருத்தல் இயலாது.

முடிவெடுக்குமுன் கேட்க வேண்டிய நான்கு வினாக்கள்

பால் வற்றாத மரத்தைச் சாய்ப்பவர் இலர். மறுநடவுக்குரிய காலம் வந்த பின்னரும் பழைய மரத்தையே நம்பியிருப்பவரும் இலர். வெட்டுவதா வைத்திருப்பதா என்பதை மரத்தின் வயதை மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை; பால் எவ்வளவு, பட்டை எப்படி, நோய் உண்டா என்றெல்லாம் ஆராய்ந்தே முடிவு செய்கிறோம். கணினிக்கும் அவ்வாறே நான்கு வினாக்கள் உள்ளன.

முதல் வினா: நம்மிடம் இருப்பது எது? தொடக்கப் பொத்தானை அழுத்தி, 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபவுட்' என்னும் பகுதிகளை வரிசையாகத் திறந்தால், விண்டோஸ் பதிப்பு, பிராசசரின் பெயர், நினைவகத்தின் அளவு ஆகியவை தெரியும். அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்க. இத்தாள் இல்லாமல் கடைக்குச் செல்லுதல், பால் எடையைக் குறிக்காமல் சம்பளக் கணக்குப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் வினா: இக்கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமா? அதற்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும், 64 ஜிகாபைட் சேமிப்பிடமும், நிறுவனம் ஏற்றுக்கொண்ட பிராசசரும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், 'செக்யூர் பூட்' என்னும் ஏற்பாட்டிற்கு இடமும் இருத்தல் வேண்டும். இன்டெல் பிராசசராயின் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். மைக்ரோசாப்ட் வழங்கும் 'பிசி ஹெல்த் செக்' என்னும் இலவச மென்பொருள் இவற்றைச் சோதித்து, தகுதி உண்டா இல்லையா என்று கூறிவிடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. டிபிஎம் இல்லை என்று சோதனை கூறினால், உடனே கணினியை ஒதுக்கிவிட வேண்டாம். பல கணினிகளில் அவ்வசதி உள்ளே இருந்தும், தொடக்க அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். விவரமறிந்தவர் ஒருவர் அதனைச் சில நிமிடங்களில் இயக்கிவிடலாம். ஓர் ஆணையை மாற்றுவதால் தீரும் குறைக்குப் புதிய கணினி வாங்குதல் வீண் செலவாகும்.

மூன்றாம் வினா: இக்கணினியைக் கொண்டு நாம் செய்வது யாது? வங்கிக் கணக்கைத் திறக்கிறோமா? ஊழியர் சேமநிதியின் ஐ-அக்கவுன் பார்க்கிறோமா? வருமான வரிப் படிவம் நிரப்புகிறோமா? அல்லது பிள்ளை கட்டுரை தட்டச்சு செய்வதும் பாடக் காணொலி பார்ப்பதும் மட்டும்தானா? பணமும் அடையாள அட்டை எண்ணும் புழங்கும் கணினிக்கு வேண்டிய காவல் மிகுதி. இணையத்தில் இணைக்கப்படாமல், தட்டச்சு மட்டும் செய்யும் கணினிக்கு வேண்டிய காவல் குறைவு.

நான்காம் வினா: இதனோடு சேர்ந்து இயங்க வேண்டியவை எவை? பழைய அச்சுப்பொறிக்குப் புதிய இயங்குதளத்தில் இயங்கும் மென்பொருள் உண்டா என்று முன்பே பார்த்தல் வேண்டும். தமிழில் எழுதுவோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன், அந்தந்த எழுத்துருவுக்கென்றே தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் ஆவணங்கள், கோயில் கணக்கும் சங்கக் குறிப்பேடும் போன்றவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். ஆகவே ஆவணங்களுடன் அந்த எழுத்துருக்களையும் படியெடுத்து வைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

நம் முன் உள்ள வழிகள்

இந்நான்கு வினாக்களுக்கும் விடை கிடைத்த பின்னர், எவ்வழியில் செல்வது என்பது தெளிவாகும். வழிகள் ஐந்து.

ஒன்று, இலவசமாக மேம்படுத்துதல். முறையான உரிமம் பெற்ற விண்டோஸ் 10 கணினி தகுதியுடையதாயின், விண்டோஸ் 11-க்கு மாறுவதற்குக் கட்டணம் இல்லை. 'செட்டிங்ஸ்' பகுதியிலுள்ள 'விண்டோஸ் அப்டேட்' வழியாகவே மாறலாம். தகுதியுள்ள கணினி வைத்திருப்போர் வேறு வழி தேட வேண்டியதில்லை. 4 ஜிகாபைட் நினைவகம் சட்டப்படி போதுமாயினும், பழக்கத்தில் மெதுவாக இருக்கும். 8 ஜிகாபைட் இருந்தால் வசதி. சுழலும் பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகத்தைப் பொருத்தினால், மெதுவான கணினியும் சுறுசுறுப்படையும்.

இரண்டு, கூடுதல் கால அவகாசம் பெறுதல். தகுதியில்லாத கணினிகளைக் கருதி, வீட்டுப் பயனாளருக்கு 2026-ஆம் ஆண்டு அக்டோபர் 13 வரை முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்பும் நீட்டிப்புத் திட்டம் ஒன்றை நிறுவனம் அறிவித்தது. அதற்குக் கட்டணம் 30 அமெரிக்க டாலர். மைக்ரோசாப்ட் கணக்கின் வழி கணினியின் அமைப்புகளைச் சேமித்து வைப்போருக்குக் கட்டணமின்றியே வழங்கப்பெறும் என்றும் அறிவிக்கப்பட்டது. இதில் சேரக் கணினியில் விண்டோஸ் 10-இன் 22எச்2 என்னும் கடைசிப் பதிப்பு இருக்க வேண்டும். இவ்வழி நிரந்தரத் தீர்வன்று. பணம் சேர்ப்பதற்கும் ஆராய்ந்து முடிவெடுப்பதற்கும் கிடைக்கும் தவணையே இது.

மூன்று, வேறு இயங்குதளம் இடுதல். லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த 'லினக்ஸ் மின்ட்' போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. 4 ஜிகாபைட் நினைவகமுள்ள பழைய கணினியிலும் இது இயங்கும். பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்து, பிடித்த பின்னர் நிலையாக இடலாம். இணையம் பார்த்தல், 'லிப்ரே ஆபீஸ்' கொண்டு கட்டுரை எழுதுதல், தமிழில் தட்டச்சு செய்தல் ஆகிய அனைத்தும் இதில் இயலும். ஆயினும் விண்டோஸுக்கென்றே எழுதப்பெற்ற மென்பொருள்கள் பல இதில் இயங்கா. வேர்டில் எழுதிய ஆவணத்தின் பக்க அமைப்பும் சற்று மாறக்கூடும். பள்ளியில் குறிப்பிட்ட மென்பொருள் ஏதேனும் வேண்டப்படுகிறதா என்று ஆசிரியரிடம் கேட்டறிந்த பின்னரே இவ்வழியில் செல்க.

நான்கு, வேறு கணினி வாங்குதல். புத்தம் புதியதுதான் வேண்டுமென்பதில்லை. விண்டோஸ் 11-க்குத் தகுதியுள்ள பயன்படுத்திய கணினியும் பயன் தரும். பணம் கொடுக்குமுன், கடையிலேயே தகுதிச் சோதனையை இயக்கிக் காட்டும்படி கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பது நம் உரிமை. அதில் கூச்சம் வேண்டுவதில்லை.

ஐந்து, இணையத்திலிருந்து பிரித்து வைத்தல். வேர் நோய் கண்ட மரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, மற்ற மரங்களிலிருந்து பிரித்து வைப்பது வழக்கம். அதுபோலவே, மாற்ற இயலாத பழைய கணினியை இணைய இணைப்பின்றித் தட்டச்சுக்கும் கணக்குக்கும் மட்டும் பயன்படுத்தலாம். வங்கி வேலையை அதில் செய்யலாகாது. பென்டிரைவ் வழியாகவும் தீய மென்பொருள் நுழையும் என்பதையும் மறத்தல் கூடாது.

செய்யத்தகாத ஆறாவது வழி ஒன்றும் உண்டு. தகுதியில்லாத கணினியில் சோதனையைக் குறுக்கு வழியில் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருவதாகச் சிலர் கூறுவர். அவ்வாறு ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் கிடைக்குமென்று உறுதியில்லை என்பதை மைக்ரோசாப்ட் நிறுவனமே தெரிவித்துள்ளது. திருத்தத்திற்காகத்தானே மாறுகிறோம்? அதற்கே உறுதியில்லையெனில் மாறியதன் பயன் யாது? உரிமமற்ற களவுப் படியை ஏற்றுவதோ திருடனையே வீட்டுக் காவலுக்கு அமர்த்துவது போன்றதாகும்.

மேம்படுத்துமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, பிள்ளையின் பாடக் கோப்புகள், குடும்பப் படங்கள், சான்றிதழ்களின் படிகள் ஆகிய அனைத்தையும் புறவன்தட்டிலோ பென்டிரைவிலோ படியெடுத்து, அதனைக் கணினியிலிருந்து கழற்றித் தனியே வைத்திடுக. படியெடுத்தவற்றுள் இரண்டு மூன்றைத் திறந்தும் பார்த்திடுக.

இரண்டாவது, மைக்ரோசாப்ட் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அடையாள ஆவணங்களோடு பூட்டி வைத்திடுக. சில கணினிகள் மாற்றத்திற்குப் பின்னர் மீட்புச் சாவி எண்ணைக் கேட்கும். அவ்வெண் அக்கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். கணக்கை மறந்தவர் தம் கோப்புகளையே இழக்க நேரிடலாம்.

மூன்றாவது, பல ஜிகாபைட் அளவில் பதிவிறக்கம் செய்ய வேண்டியிருக்கும். கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து இதனைச் செய்தால் மாதத் தரவு முழுவதும் தீர்ந்துவிடும். அருகில் நாடி எனப்படும் தேசியத் தகவல் பரப்பு மையம் இருப்பின், முதலில் அங்குள்ளோரிடம் ஆலோசனை பெறலாம்.

நான்காவது, காலமறிந்து செய்க. தேர்வு வாரத்திலோ பள்ளிப் பணியை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முன்னிரவிலோ இதில் கைவைத்தல் ஆகாது. பள்ளி விடுமுறையே ஏற்ற காலம். மின்சாரம் தடைபடாத வேளையில், மடிக்கணினியாயின் மின்னேற்றியை இணைத்துவிட்டுத் தொடங்குக. மாறிய பின்னர் மனநிறைவு இல்லையெனில், பொதுவாகப் பத்து நாட்களுக்குள் பழைய பதிப்பிற்கே திரும்புவதற்கு 'செட்டிங்ஸ்' பகுதியில் வழியுண்டு. ஆதலால் அந்தப் பத்து நாட்களுக்குள் அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு, பள்ளி மென்பொருள் அனைத்தையும் சோதித்துவிட வேண்டும்.

அச்சத்தை விற்போர்

மாற்றக் காலம் ஏமாற்றுவோருக்கு அறுவடைக் காலம். "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரையில் திடீரெனத் தோன்றும் அறிவிப்பை நம்பற்க. மைக்ரோசாப்ட் நிறுவனம் தானாக எவரையும் தொலைபேசியில் அழைத்துக் கணினியைப் பழுதுபார்ப்பதாகக் கூறுவதில்லை. அவ்வாறு அழைப்பவருக்குக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க இடங்கொடுத்தல், வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்குச் சமமாகும். ஏமாந்து பணம் சென்றுவிட்டதாகத் தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்கும், தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்னும் எண்ணுக்கும் அழைத்திடுக. அதில் விரைவே முக்கியம்.

அக்குடும்பம் எடுத்த முடிவு

இனி, மண்டபத்தில் என்னிடம் வந்த தந்தைக்கும் மகளுக்கும் திரும்புவோம். நான்கு வினாக்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "முதலில் இதற்கு விடை காணுங்கள், பிறகு கடைக்குச் செல்லலாம்" என்று கூறியனுப்பினேன். மறுவாரம் அம்மாணவி விடைகளுடன் தொலைபேசியில் பேசினாள். கணினியின் பிராசசர் ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தது. ஆகவே விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை. அதில் அவள் பாடம் படிக்கிறாள். தந்தை ஐ-அக்கவுன் கணக்கையும் வங்கிக் கணக்கையும் பார்க்கிறார்.

தகுதியில்லை என்றதும், "அப்படியானால் கடைக்காரர் சொன்னதுதானே சரி?" என்று தந்தை கேட்டாராம். அதற்கு மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். மாதம் 180 வெள்ளி வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் 2,160 வெள்ளி. ரொக்க விலையைவிட 360 வெள்ளி கூடுதல். இதற்கு மாறாக, நீட்டிப்புத் திட்டத்தில் கட்டணமின்றிச் சேர்ந்து, மாதம் 100 வெள்ளி ஒதுக்கினால், 2026 செப்டம்பருக்குள் பத்து மாதத்தில் 1,000 வெள்ளி சேரும். அத்தொகைக்குத் தகுதியுள்ள பயன்படுத்திய கணினி கிடைக்குமா என்று பொறுமையாக விசாரிக்கலாம். மேற்படிப்புப் பணத்தில் கைவைக்க வேண்டியதில்லை.

தந்தை ஒப்புக்கொண்டார், ஆனால் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். வங்கி வேலையை இனி அக்கணினியில் செய்வதில்லை என்பது ஒன்று. அவள் படிவம் ஐந்தில் இருக்கும்போதே 2026 அக்டோபர் 13 என்னும் கெடு வந்துவிடுமாதலால், எஸ்.பி.எம். நெருக்கடிக்கு முன்பே மாற்றத்தை முடித்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. படிப்பறிவு மிகுந்த மகளின் கணக்கும், பட்டறிவு மிகுந்த தந்தையின் எச்சரிக்கையும் சேர்ந்து ஒரு நல்ல முடிவாயின.

எல்லாருக்கும் இம்முடிவே பொருந்தும் என்று கூறுவதற்கில்லை. 2019-இலோ அதற்குப் பின்னரோ புதிதாக வந்த கணினியை உடையவர், அது பெரும்பாலும் தகுதியுடையதாகவே இருக்குமாதலால், ஒரு காசும் செலவிடாமல் மாறியிருக்கலாம். கோயில் நிருவாகத்தின் கணினியாயின் நிலைமை வேறு. அதில் பிறருடைய பெயர், அடையாள அட்டை எண், நன்கொடைக் கணக்கு ஆகியவை உள்ளன. நம் பொருளுக்கு நேரும் இடரை நாம் ஏற்கலாம். பிறர் நம்பி ஒப்படைத்த விவரத்திற்கு இடர் நேர விடுதல் அறமன்று. அத்தகைய கணினியை இணையத்திலிருந்து பிரித்து வைத்துவிட்டு, மாற்றுவதற்கான செலவைச் சபையில் வைத்து முடிவெடுப்பதே முறையாகும்.

பாடச் சுருக்கம்

ஓடுகின்ற கணினி வேறு, காவலுள்ள கணினி வேறு. ஆதரவு முடிந்தால் கணினி நிற்பதில்லை; காவல் நிற்கிறது. காவல் நின்றதனாலேயே புதியது வாங்க வேண்டும் என்பதுமில்லை. இருப்பது எது, தாங்குமா, எதற்குப் பயன்படுகிறது, எதனோடு சேர வேண்டும் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கண்டு, கையிலுள்ள பணத்தையும் கெடு நாளையும் கருதி முடிவெடுப்பவரை அச்சமும் அணுகாது, ஏமாற்றமும் அணுகாது. நாம் நாள்தோறும் கையாளும் கைப்பேசிக்கும் இவ்விதியே பொருந்தும் என்பதை நினைவிற்கொள்வோமாக.

கலந்துரையாடுவதற்கான வினாக்கள்

1. உங்கள் வீட்டுக் கணினியின் விண்டோஸ் பதிப்பு, பிராசசர், நினைவகம் ஆகியவற்றை எழுதுக. அது விண்டோஸ் 11-க்குத் தகுதியுடையதா?

2. 2017-ஆம் ஆண்டுத் தாக்குதலில், திருத்தம் வெளிவந்திருந்தும் பலர் பாதிக்கப்பட்டதேன்? உங்கள் கணினியில் இறுதியாகத் திருத்தம் ஏற்றிய நாள் எது?

3. ரொக்க விலைக்கும் தவணை விலைக்கும் உள்ள வேறுபாட்டை, உங்களிடம் கூறப்பட்ட ஒரு விலையைக் கொண்டு கணக்கிட்டுக் குடும்பத்தாருடன் கலந்து பேசுக.